கோளரங்கமா, கடற்கரையா? இராமநாதபுரத்துக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுப்பது?

உச்சிப்புளியில் இருக்கும் எங்கள் வீட்டில் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான்: பிள்ளைகளைக் கோளரங்கத்துக்கு அழைத்துப் போவது எப்போது, எந்த ஊருக்கு? மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6, உடன் வர விரும்பும் என் அம்மாவுக்கு 68. மூவருக்கும் பொருந்தும் ஓர் இடத்தைத் தேட முற்பட்டபோது, திருச்சி, திருநெல்வேலி, சென்னை, திருவனந்தபுரம் என்று ஊர்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால் முடிவுக்கு வர இயலாது என்பது எனக்கு விளங்கியது. எந்த அரங்கம் பெரியது, எது அருகில் என்ற கேள்விகளுக்கு முன்னால், இந்தக் கரையில் வளரும் ஒரு பிள்ளைக்குக் கோளரங்கம் எதைத் தர வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்துக்காக ஸைஸ் நிறுவனம் செய்த, கோளரங்கத்துக்கு அடிப்படையான விண்மீன் ஒளிவீழ்த்தி (புரொஜெக்டர்) 1923-இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. இந்தியாவில் கொல்கத்தாவின் பிர்லா கோளரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. அரைக்கோளக் கூரையின் நடுவில் ஒரு கருவியை நிறுத்தி, அதிலிருந்து ஆயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகளைக் கூரையில் விழச் செய்து, விளக்கணைத்த அறைக்குள் இரவு வானத்தைக் கொண்டுவருவதே அந்த முறை. தெருவிளக்கின் வெளிச்சத்தில் பத்திருபது விண்மீன்களை மட்டுமே கண்டு வளரும் நகரத்துப் பிள்ளைக்கு அந்த முதல் இருட்டே பெரும் வியப்பாகிவிடும். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இரு புறமும் சூழ்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வியப்பைப் பெறக் கட்டணம் தேவையில்லை. மின்தடை இரவொன்றில் மொட்டை மாடிக்கு ஏறினாலே போதும். ஆகவே விண்மீன் கூட்டத்தைப் பார்ப்பதற்காக மட்டும் நாம் ஐந்நூறு கிலோமீட்டர் போகத் தேவையில்லை என்பதே என் முதல் முடிவு. கடற்கரையால் தர இயலாத ஒன்றைத் தருமிடத்துக்குத்தான் பயணச் செலவு செய்ய வேண்டும்.

முதலில் கடற்கரை எதைத் தருகிறது என்று பார்ப்போம். இராமேஸ்வரம் ஏறத்தாழ 9.3 பாகை (டிகிரி) வட அட்சரேகையில் இருக்கிறது. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் துருவ மீன் அந்த ஊரில் தெரியும் என்பதால், இங்கே அது வடக்குத் தொடுவானத்திலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில், அதாவது கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த முஷ்டி மறைக்கும் அளவுக்கே மேலே இருக்கிறது. மரமோ கட்டடமோ இருந்தால் மறைந்துவிடும். வடக்கே கடல் விரிந்து கிடக்கும் அரியமான் கடற்கரையில் நின்றால், தெளிந்த இரவில் அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். மறுபுறம், திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரையிலோ வாலிநோக்கத்திலோ தெற்கு நோக்கி நின்றால் வட இந்தியர்களுக்கு வாய்க்காத ஒரு வானம் கிடைக்கிறது. மாசி மாதத்தில் இரவு 9 மணியளவில் அகத்திய மீன் (கனோபஸ் விண்மீன்) தென்திசையில் 28 பாகை உயரத்தில் பளிச்சென்று நிற்கும். மே மாத நடுவில் அதே நேரத்தில் தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம் மன்னார் வளைகுடாவுக்கு மேலே நேராக நிமிர்ந்து நிற்கும். சில மணி நேரம் கழித்து, சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் தொகுதியான ஆல்பா சென்டாரி அதைத் தொடர்ந்து வரும். ஜி.பி.எஸ். கருவி வருவதற்கு முன் இந்த விண்மீன்களைக் குறியாகக் கொண்டு படகு செலுத்திய பெரியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால், அதற்கு ஈடான விளக்க உரையை எந்த அரங்கத்திலும் கேட்க முடியாது.

ஆனால் கடற்கரைக்கும் அதன் தடைகள் உண்டு. வானம் மிக இருண்டிருப்பது அமாவாசையை ஒட்டிய இரவுகளில். இராமேஸ்வரத்தில் கூட்டம் மிகுவதும் தை, ஆடி அமாவாசைகளில்தான். சேதுக்கரையிலும் அந்த நாள்களில் தர்ப்பணத்துக்கு வருவோர் மிகுதி. எனவே அமாவாசைக்கு இரண்டு நாள் முன்போ பின்போ போவதே குடும்பத்தோடு வருவோருக்கு நல்லது. பலரும் முதலில் நினைக்கும் தனுஷ்கோடியும் அரிச்சல்முனையும் இதற்கு உதவா. மாலைக்குப் பின் அங்கே யாரையும் இருக்க விடுவதில்லை. 1964 டிசம்பர் புயலின் நினைவு இன்னும் மறையாத அந்த மணல்திட்டில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பதைக் குறை சொல்லவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மழைக்கு உரியவை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்து வீசும் மாதங்களில் மணல் முகத்தில் அறையும். மீதமுள்ள தை முதல் சித்திரை வரையிலான இரவுகளே நம்பத்தக்கவை. இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதுவரை கைபேசித் திரையைப் பார்க்காமல் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளையை நான் இன்னும் கண்டதில்லை. என் மகன் மூன்றாவது விண்மீனுக்குள் தூங்கிவிடுவான்.

இரவில் விழித்திருக்க இயலாத பிள்ளைகளுக்காகப் பகலில் செய்யத்தக்க ஒன்றும் இந்தக் கரையில் உண்டு. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாள்கள் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல் 14-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் மாதக் கடைசியில் மற்றொன்று. அதாவது சித்திரை முதல் நாளையொட்டி, பகல் 12 மணி 13 நிமிட அளவில், முற்றத்தில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் இராது. புத்தாண்டுப் படையலுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் முடிந்துவிடும் இந்தச் சோதனையை, காலை 11 மணியிலிருந்தே நிழலின் நுனியைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவந்தால், மகளும் மகனும் சேர்ந்தே செய்யலாம்.

அப்படியானால் கோளரங்கம் எதற்கு? வானத்தின் அசைவைக் காட்டுவதற்கு. கடற்கரையில் விண்மீன்கள் நகர்வதை உணர ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கோள்கள் விண்மீன்களுக்கிடையே இடம் மாறுவதைக் காண மாதங்கள் வேண்டும். அரங்கத்தில் ஓர் ஆண்டை ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது, வேறு ஊரின் வானத்தைக் காட்டுவது. நம் கரையில் விண்மீன்கள் கிழக்குக் கடலிலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக எழுந்து மேற்கே அவ்வாறே இறங்குகின்றன. சப்தரிஷி மண்டலமும் இங்கே உதித்து மறைவதுதான். துருவ மீனைச் சுற்றி ஒன்பது பாகைக்குள் இருக்கும் மங்கலான சிலவற்றைத் தவிர மறையாத மீன் என்று நமக்கு ஏதுமில்லை. வட துருவத்தில் நிற்பவருக்கோ எந்த மீனும் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. எல்லாம் செக்குமாடு போலத் தலைக்கு மேலே வட்டமிடும். பூமி உருண்டை என்பதைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, இந்த இரண்டு வானங்களையும் அடுத்தடுத்துக் காட்டினால் அது கண்ணெதிரே மெய்யாகிவிடும். எனவே எந்த அரங்கத்தில் விசாரித்தாலும் நான் முதலில் கேட்பது, நேரடியாகப் பேசி வானத்தைச் சுழற்றிக் காட்டுகிறார்களா, அல்லது பதிவு செய்த படம் மட்டும்தானா என்பதையே.

அருகிலிருந்து தொடங்கினால் முதலில் வருவது இராமேஸ்வரம் தீவின் பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம். 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட இதில் ஏவுகணை, ராக்கெட் மாதிரிகளும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ஓவியங்களும் படங்களும் இருக்கின்றன. இராமேஸ்வரத்துக்கு வரும் உறவினர்களை எல்லாரும் அழைத்துப் போகும் இடமாகிவிட்டதால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று நான்கு முறை பார்த்தாகிவிட்டது. விண்வெளிக் கண்காட்சி என்று இதை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. இங்கே ஒரு மனிதரின் கதையே முதன்மையானது. வானம் அதற்குப் பின்புலம். ஆறு வயதுப் பையனுக்கு ராக்கெட் மாதிரி ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதே நிறைவு தந்துவிடும் என்பதால் அவனளவில் இது குறையில்லாத தேர்வு. மகளுக்கு இது போதாது.

அடுத்து, பள்ளிகளுக்கே வரும் நடமாடும் கோளரங்கம். காற்றடித்து உப்பச் செய்யும் துணிக்கூடாரம் ஒன்றுக்குள் முப்பது பிள்ளைகள் வரை தரையில் உட்கார, நடுவில் இருக்கும் ஒளிவீழ்த்தி கூரை முழுவதும் வானத்தைக் காட்டும். பயணம் இல்லை, தங்கும் செலவு இல்லை, வகுப்புத் தோழர்களோடு பார்க்கலாம் என்பதெல்லாம் பெரிய நன்மைகள். சிறு குழுவாக இருப்பதால் விளக்குபவரை நிறுத்திக் கேள்வி கேட்க முடிவது இன்னும் பெரிய நன்மை. பெரிய அரங்கத்தில் அது நடக்காது. ஆனால் கூடாரத்தைத் திறந்தவெளியில் நம் ஊர்க் காற்றில் நிறுத்த இயலாது என்பதால் மண்டபமோ பெரிய வகுப்பறையோ வேண்டும். ஊதுவிசிறி நின்றால் கூரை சரியும் என்பதால் மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். சித்திரை வெயிலில் உள்ளே புழுக்கம் தாங்காது. காலை வேளையில் முடித்துவிட வேண்டும். நுழைவாயில் தாழ்வானது; முழங்கால் வலி உள்ள என் அம்மாவைப் போன்றோர் குனிந்து நுழைந்து தரையில் உட்காருவது கடினம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டால் நடக்கக்கூடிய காரியம் இது. இளைய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

முழு அளவிலான அரங்கத்துக்குப் போவதென்று முடிவு செய்தால் திருச்சியின் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்தையே முன்னால் வைப்பேன். அதற்கு முதல் காரணம் வழி. இராமநாதபுரத்திலிருந்து தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி செல்லும் சாலை விமான நிலையப் பக்கமாகவே நகருக்குள் நுழைகிறது. கோளரங்கமும் விமான நிலையத்துக்கு அருகே அந்தச் சாலையில்தான் இருக்கிறது. நகர நெரிசலுக்குள் புகாமலேயே இறங்கிக்கொள்ளலாம். விடியற்காலையில் கிளம்பினால் முற்பகல் காட்சிக்குச் சேர்ந்து, சுற்றியுள்ள அறிவியல் பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அரங்கத்தில் சாய்ந்து உட்கார இருக்கைகள் உண்டு என்பது முதியோருக்கு ஆறுதல். காட்சி முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது ஆறு வயதுக்காரனின் பொறுமைக்குப் பொருத்தம். அதற்காக அவ்வளவு தூரமா என்று கேட்பவர்களுக்கு, சமயபுரமோ ஸ்ரீரங்கமோ சேர்த்துக்கொண்டால் வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்பதே என் அனுபவத்திலிருந்து சொல்லும் பதில்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த அரங்கங்களில் தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் தனித்தனி நேரங்களில் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோளரங்கத்துக்கு நாங்கள் பேருந்து தாமதத்தால் அரை மணி நேரம் பிந்திச் சேர்ந்தபோது தமிழ்க் காட்சி தொடங்கிவிட்டிருந்தது. சீட்டுக் கொடுப்பவர் அடுத்த காட்சிக்கு அனுப்பினார். அது ஆங்கிலத்தில் என்பதை உள்ளே விளக்கணைந்த பிறகுதான் அறிந்தோம். மகள் பாதி புரிந்து பாதி புரியாமல் இருந்தாள். அம்மா, “படம் நல்லாத்தான் இருந்துச்சு, என்னமோ பேசிக்கிட்டே இருந்தாங்க” என்றார். அன்று முதல், கிளம்புவதற்கு முதல் நாள் தொலைபேசியில் தமிழ்க் காட்சியின் நேரத்தையும், வார விடுமுறை நாள் எது என்பதையும் கேட்டுக்கொள்ளாமல் நான் சீட்டுப் போடுவதில்லை.

திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையை ஒட்டி 1987 முதல் இயங்கிவரும் அங்கே கையால் தொட்டு இயக்கிப் பார்க்கும் அறிவியல் கருவிகள் நிறைய. கோளரங்கக் காட்சி அளவில் சிறியது. பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதில்தான் மகிழ்கிறார்கள் என்றால் திருச்சியைவிட இது மேல். வானமே நோக்கம் என்றால் அல்ல.

சென்னையின் பிர்லா கோளரங்கம் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் 1988 முதல் இயங்கிவருகிறது. 15 மீட்டர் விட்டமுள்ள கூரையும் பல அறிவியல் காட்சிக்கூடங்களும் கொண்ட இந்த வளாகம் ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு இராமேஸ்வரத்திலிருந்தே இரவு ரயிலில் ஏறித் தூங்கி எழுந்தால் சென்னை என்ற வசதியும் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு இரவு ரயில், ஒரு பகல் வெயில், நகரப் பேருந்து என்று சேர்த்துப் பார்த்தால், நுழைவுச் சீட்டின் விலையைப் போலப் பல மடங்கு பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. சென்னையில் உறவினர் வீட்டுத் திருமணமோ மருத்துவமனை வேலையோ இருந்து எப்படியும் போகிறவர்களுக்கு இது தவறவிடக் கூடாத இடம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவையும் கிண்டி சிறுவர் பூங்காவையும் சேர்த்தே பார்த்துவிடலாம். கோளரங்கத்துக்காக மட்டும் என்றால் திருச்சி தருவதைவிட நம் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகத் தருவது, அந்தச் செலவுக்கு ஈடாகாது என்பதே என் கணிப்பு.

திருவனந்தபுரத்தின் கதை வேறு. அங்குள்ள பிரியதர்சினி கோளரங்கத்தில் காட்சிகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் என்பதால் அம்மாவுக்கும் மகனுக்கும் உதவாது. ஆனால் அந்த ஊருக்குப் போவதற்குத் தும்பா என்ற வேறொரு காரணம் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது அந்தக் கடலோரக் கிராமத்திலிருந்துதான். பூமியின் காந்த நடுக்கோடு அதனருகே செல்வதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் இடம்பெயர, புனித மரிய மகதலேனா தேவாலயமே அலுவலகமாயிற்று. இன்று அந்தக் கட்டடம் விண்வெளி அருங்காட்சியகம். இராமேஸ்வரத்துக் கலாம் இளம் பொறியாளராகப் பணியாற்றிய இடமும் அதுவே. பேக்கரும்பில் பாதியில் நின்ற கதையின் மறுபாதி அங்கே இருக்கிறது; அதுவும் வலையும் படகும் கோயில் மணியும் நிறைந்த, நம் ஊரைப் போன்ற ஒரு கரையில். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளைக்கு நான் சென்னையை விடுத்துத் தும்பாவைத்தான் சொல்வேன். பாதுகாப்பு வளாகத்தை ஒட்டிய இடம் என்பதால் நுழைவு விதிகளை முன்கூட்டியே விசாரித்து, அடையாள அட்டையோடு போக வேண்டும்.

கொடைக்கானல் போகிறவர்கள் அங்குள்ள சூரிய ஆய்வகத்தை ஒதுக்கிவிட வேண்டாம். 1899-இல் நிறுவப்பட்ட அங்கேதான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தார். மேகம் மூடிய நாளில் பார்ப்பதற்கு அதிகமில்லை. அக்டோபர் 4 முதல் 10 வரையிலான உலக விண்வெளி வாரத்தில் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையம் தென் மாவட்டக் கல்வி நிலையங்களில் கண்காட்சிகள் நடத்துவது வழக்கம். அருகில் எங்காவது நடந்தால், செலவில்லாமல் பொறியாளர்களிடமே பேச வாய்க்கும். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் இயங்கத் தொடங்கினால், இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே பாயும் சிறு ராக்கெட்டுகளை, வானம் தெளிந்திருந்தால், வளைகுடாவின் இக்கரையில் நின்றே பார்க்க முடியலாம். அன்றைக்கு இந்த ஒப்பீட்டைத் திருத்தி எழுத வேண்டிவரும். 2010 ஜனவரி 15 அன்று வளைய சூரிய கிரகணத்தை ஏறத்தாழ பத்து நிமிடம் இந்தக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, நம் வாசலுக்கே வந்த வானக் காட்சி எத்தகையது என்பது நினைவிருக்கும். 2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் வழியாக இன்னொன்று வருகிறது.

எங்கள் வீட்டு முடிவு வயதை வைத்தே அமைந்தது. மகனுக்காகப் பள்ளியில் நடமாடும் கோளரங்கத்துக்குக் கோரிக்கை கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை பேக்கரும்பு அவனுக்குப் போதும். தும்பா, மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டுக்கு. வரும் மாசியில், அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து, அரியமானில் ஓர் இரவு: பாய் ஒன்று, அம்மாவுக்கு மடக்கு நாற்காலி, சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு, துருவ மீனைத் தேடும் வேலை மகளுக்கு. அதைப் பார்த்த கண்ணோடு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் திருச்சிக்குப் போய், தமிழ்க் காட்சிக்குக் கால் மணி நேரம் முன்பே சேர்ந்து, முடிந்தால் விளக்குபவரிடம் வட துருவத்து வானத்தை ஒருமுறை சுழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பதாக இருக்கிறோம். இந்த வரிசை மாறக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கடற்கரையைப் பார்க்காமல் அரங்கத்துக்குப் போனால் அது பிள்ளைகளுக்கு இன்னொரு படக்காட்சியாகிவிடும். அம்மா ஸ்ரீரங்கத்துக்கான தேதியை ஏற்கெனவே நாள்காட்டியில் குறித்துவிட்டார்.